காற்றை விலைக்கு வாங்கட்டும்!

ஆடி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயிலே நின்று பேச முடியாது. பேச வாய் திறந்தால் வாய் நிறைய மண்! கூட்டம் பேச நாகர்கோவில் பக்கம் போய் வந்த தோழர்கள் இதை அறிவார்கள். தோளிலே கிடக்கும் துண்டு முப்பந்தலைத் தாண்டிப் பறக்கும். கட்டிய தோரணம் கால்மணி நேரம் தாங்காது. ஒலிபெருக்கியிலே நம் குரலைவிடக் காற்றின் குரலே உரக்கக் கேட்கும். மலை வழிவிட்ட சந்து அது. தென்மேற்குப் பருவக்காற்று, திருவிழாக் கூட்டம் போல முட்டி மோதிக்கொண்டு அந்தச் சந்திலே நுழைகிறது.

அம்மியும் பறக்கும் என்று ஆடிக் காற்றைக் கண்டு அஞ்சிய நாடு இது. இன்றோ, அந்தக் காற்றைக் காசு கொடுத்து வாங்கக் கம்பெனிகள் வந்து நிற்கின்றன! கோவை நூற்பாலை வாங்குகிறது. திருப்பூர்ப் பின்னலாடைக்காரர் வாங்குகிறார். சென்னையைச் சுற்றியுள்ள மோட்டார் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. காற்று மட்டுமா? கமுதிக் கரிசல் காட்டிலே 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் அளவுக்குச் சூரிய மின்தகடுகளைப் பரப்பிவைத்து வெயிலையும் மின்சாரமாக்கி விட்டார்கள்.

வாங்கட்டும். இன்னும் வாங்கட்டும். வாங்காமல் நிற்கும் கம்பெனியையும் வாங்க வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால், எப்படி வாங்குகிறார்கள், யார் செலவிலே வாங்குகிறார்கள் என்று பார்க்கிற கண் பாட்டாளிக்கு இருக்க வேண்டும் என்பதும் நம் கருத்து. இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறோம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டாம்.

"ஆலைக்காரர் எந்த மின்சாரம் வாங்கினால் எனக்கென்ன ஐயா? நிலக்கரியில் சுற்றினாலும் கதிர்தான், காற்றில் சுற்றினாலும் கதிர்தான். என் கூலி ஏறவா போகிறது?" – இப்படிக் கேட்கும் தோழர் உண்டு. கேட்பது நியாயம். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நூற்பாலையின் செலவுக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். முதற் செலவு பஞ்சு. அடுத்த பெருஞ்செலவு மின்சாரம். பஞ்சின் விலையை முதலாளி ஆளமுடியாது. அது சந்தையிலே தீருகிறது. மின்கட்டணம் ஏறும்போது அவர் கையிலே சிவப்புப் பென்சிலை எடுக்கிறார். அந்தப் பென்சில் முதலிலே எங்கே கோடு கிழிக்கும்? மேலாளரின் மோட்டாரிலா? இல்லை. நம் போனசிலே! மின்சாரமே இல்லாத காலத்தையும் பார்த்தோம் அல்லவா? 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், அதிலும் 2012ஆம் ஆண்டு, சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு. ஆலை வாயிலிலே சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்றைக்கு ஷிப்டு உண்டா இல்லையா?" என்று வாயிற்காவலரைப் பார்த்து நின்ற நாள்களை யார் மறப்பார்? அந்த நாள்களிலே ஆடிக் காற்று அடித்தபோதுதான் ஓரளவு மூச்சு வந்தது பல ஆலைகளுக்கு.

சற்றுப் பின்னோக்கிப் போவோம். கோவை எப்படி ஆலை நகரமாயிற்று? பஞ்சு விளைந்தது, உழைப்பதற்கு ஆள் இருந்தது – உண்மை. ஆனால் நிலக்கரி இருந்ததா? இல்லை. அது வங்காளத்திலும் பீகாரிலும் கிடந்தது. வண்டியேறி வரவேண்டும், வாடகை கொடுக்கவேண்டும். 1930களின் தொடக்கத்திலே நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சி மின்விசையாகி மலையிறங்கி வந்தது. அடுக்கடுக்காய் எழுந்தன ஆலைகள். பிறகு மேட்டூர், 1944இலே பாபநாசம். விழுந்தோடிய நீரை வாங்கித்தான் நம் தொழில் வளர்ந்தது. எரித்தால் தீர்ந்துபோகும் கரியினால் அல்ல, மழை பெய்யப் பெய்யத் திரும்பி வரும் நீரினால்! அதற்கு அன்று யாரும் 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்று பெயர் சூட்டவில்லை. பெயர் புதிது, பிழைப்பு பழையது.

ஆகவே, காற்றை வாங்குவது வெளிநாட்டுக்காரன் சொல்லிக் கொடுத்த வித்தை என்று எண்ணிவிடாதீர்கள். 1986ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டிலே காற்றாலைகளை நட்டுச் சோதித்துக் காட்டியது அரசு. தொண்ணூறுகளிலே ஆலைக்காரர்கள் முப்பந்தலுக்கும், கயத்தாற்றுக்கும், உடுமலைப் பக்கத்துக்கும் படையெடுத்தார்கள். இன்று இந்த மாநிலத்தில் நிற்கும் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

படையெடுத்தார்கள் என்றோமே, எதற்காகப் படையெடுத்தார்கள்? காற்றின் மேல் காதலா? நாட்டின் மேல் பற்றா? கொஞ்சம் இருக்கலாம், மறுக்க மாட்டோம். ஆனால் அன்றைய வருமானவரிச் சட்டத்திலே ஒரு வாசல் திறந்திருந்தது. காற்றாலை ஒன்று நட்டால், அதன் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானம் என்று எழுதி, வரியைக் குறைத்துக்கொள்ளலாம். மார்ச்சு மாத முடிவிலே மடமடவென்று நின்றன காற்றாலைகள்! அவற்றிலே எத்தனை சுழன்றன, எத்தனை சும்மா நின்றன என்று பார்க்க வேண்டிய தேவை நட்டவருக்கு இல்லை. நட்டதற்கே சலுகை கிடைத்துவிட்டதே! நிலத்தை உழாமல், ஏரைக் காட்டி மானியம் வாங்கிய கதை.

இதைப் பழியாகச் சொல்லவில்லை. பாடமாகச் சொல்லுகிறோம். கம்பெனிகளை ஊக்குவிக்க வேண்டும் என்கிறோமே, அந்த ஊக்கம் எதற்கு என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது. எந்திரம் நட்டதற்கு ஊக்கம் கொடுத்தால் எந்திரம் நிற்கும். யூனிட்டுக்கு ஊக்கம் கொடுத்தால் எந்திரம் சுழலும். 2009ஆம் ஆண்டின் இறுதியிலே நடுவண் அரசுக்கும் இது புரிந்தது. உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐம்பது காசு என்று ஊக்கத்தொகை அறிவித்தது. அந்த வழிதான் சரியான வழி. துண்டுக் கூலிக்கு வேலை செய்யும் தோழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெய்த துணிக்குத்தான் காசு, நின்ற நேரத்துக்கு அல்ல என்று அவனுக்குச் சொல்லுகிறவர்கள், அந்த அளவுகோலைத் தங்களுக்கும் வைத்துக்கொள்ளட்டுமே!

இப்போது வாங்குகிற முறைக்கு வருவோம். முப்பந்தலிலே சுழலும் காற்றாலையின் மின்சாரம் கோவை ஆலைக்கு எப்படி வருகிறது? தனிக் கம்பி போட்டா? இல்லை. மின்வாரியத்தின் கம்பியிலே அங்கே செலுத்துகிறார்கள், இங்கே எடுத்துக்கொள்கிறார்கள். குளத்தின் ஒரு கரையிலே ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டு மறுகரையிலே ஒரு குடம் முகந்துகொள்வதைப் போல. ஊற்றிய நீரேதான் முகந்த நீர் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கணக்கு சரியாக இருந்தால் போதும். இந்த உரிமையை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் விரிவாக்கியது. பல கம்பெனிகள் கூடி ஒரு காற்றாலைப் பண்ணையை உரிமையாக்கிக் கொள்ளலாம். நூற்றுக்கு 26 பங்கு முதல் அவர்களுடையதாக இருக்க வேண்டும், உற்பத்தியிலே நூற்றுக்கு 51 அவர்களே பயன்படுத்த வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு விதி வகுத்தது.

காற்று ஆடியிலே அடிக்கிறது. ஆலை ஆண்டு முழுதும் ஓடுகிறது. என்ன செய்வது? அதற்கும் வழி கண்டார்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை அடிக்கும் காற்றிலே விளைந்ததை, வங்கியிலே பணம் போடுவதைப் போல மின்வாரியத்திடம் போட்டுவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்வது. பழைய காற்றாலைகளுக்கு ஓராண்டுக்குள் எடுத்துக்கொள்ள இடம் இருந்தது; அண்மைக் காலத்தில் வந்தவற்றுக்கு அந்தத் தாராளம் இல்லை. ஆலைக்காரர்கள் இதைக் குறை சொல்லுகிறார்கள்.

இங்கேதான், தோழர்களே, கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வங்கியிலே போட்ட பணம் பெட்டியிலே இருக்கும். மின்வாரியத்திலே போட்ட மின்சாரம் எங்கே இருக்கும்? எங்கும் இருக்காது! ஆடியிலே போட்டதை அந்த நொடியிலேயே யாரோ பயன்படுத்தி முடித்துவிட்டார்கள். மார்கழி இரவிலே ஆலைக்காரர் வந்து, "என் மின்சாரத்தைக் கொடு" என்றால், வாரியம் எண்ணூர்ப் பக்கத்திலோ தூத்துக்குடியிலோ நிலக்கரியை எரித்துத்தான் கொடுக்க வேண்டும். அல்லது சந்தையிலே எட்டிய விலைக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். கடம்பாறையிலே 400 மெகாவாட் அளவுக்கு, தேவை குறைந்த வேளையில் நீரை மேலே ஏற்றிவைத்து, தேவை மிகுந்த வேளையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று உண்டு. அதைப்போல் இன்னும் பல வந்தாலொழிய, ஆடிக் காற்றை மார்கழிக்கு மூட்டை கட்டி வைக்க இயலாது.

அந்தச் சுமை வாரியத்தின் சுமை. வாரியத்தின் சுமை யார் சுமை? நம் சுமை! 1990 முதல் உழவர் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறதே, 2016 முதல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாக வருகிறதே, இவை வானத்திலிருந்து விழுந்தவையா? ஒரு பங்கு அரசின் கருவூலம் தருவது. இன்னொரு பங்கு, பெரிய ஆலைகளும் வணிக நிறுவனங்களும் கூடுதல் விலை கொடுப்பதால் நிரம்புவது. கூடுதல் விலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக, "எங்களுக்குக் காற்று இருக்கிறது, போய் வருகிறோம்" என்று வெளியேறினால், பந்தியிலே மிஞ்சுவது யார்? குடிசை வீட்டு விளக்கும், பெட்டிக்கடை பல்பும், கடைசல் பட்டறையின் மோட்டாரும்! பெரிய இலைக்காரர் எழுந்துபோய்விட்டார், சாப்பாட்டுச் செலவைச் சின்ன இலைக்காரர்களே பகிர்ந்துகொள்ளுங்கள் என்றால் நியாயமா?

"அப்படியானால் கம்பெனிகள் காற்றை வாங்கக்கூடாது என்கிறீர்களா?" என்று மடக்குவார்கள். இல்லவே இல்லை. வாங்கட்டும், சாலையிலே போகிறவர் சுங்கம் கட்டட்டும் என்கிறோம். ஊரார் வரிப்பணத்திலே எழுந்த கம்பமும் கம்பியும் அவை. 1957ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பிறந்த மின்வாரியம் சிற்றூர்தோறும் சுமந்துசென்று நட்டவை. இன்று அந்த வாரியம் பல கம்பெனிகளாகப் பிரிந்து பல பெயர்களிலே நிற்கலாம். கம்பம் நட்டவர்களின் தோள் காய்ப்பு இன்னும் ஆறவில்லை. கம்பியைப் பயன்படுத்த உரிய கட்டணம், காற்றில்லாத நேரத்திலே கைகொடுப்பதற்கு உரிய கட்டணம் – இவ்விரண்டையும் ஒளிவுமறைவின்றிக் கணக்கிட்டு வாங்கட்டும் ஆணையம். அதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம். அதற்குக் கீழே ஒரு காசும் விடவேண்டாம். 2022ஆம் ஆண்டு தில்லியிலே விதி எழுதினார்கள், பசுமை மின்சாரம் வாங்குவோர் மீதான சுமைக்கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டு. நோக்கம் நல்லது. ஆனால் விதி எழுதுவது ஓரிடம், நட்டம் எழுதுவது வேறிடம் என்றால் அது எப்படிச் சரியாகும்? மின்சாரம் இரு அரசுகளுக்கும் பொதுவான பட்டியலிலே இருக்கிறது. பொது என்றால் சுமையும் பொதுவாக இருக்க வேண்டாமா?

சொந்தக் காற்றாலை உள்ளவருக்குச் சில கட்டணங்களிலிருந்து சட்டமே விலக்கு அளிக்கிறது. அதிலே புகுந்து விளையாடியவர்களும் உண்டு. பெயருக்குச் சில பங்குகளை வாங்கிக்கொண்டு, 'இது என் காற்றாலை' என்று மார்தட்டுவது! அரசமரத்தடியிலே அரைநாள் படுத்தவன் ஆலமரத்துக்கும் பட்டா கேட்பது போல! 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே தலையிட்டு, உரிமைப் பங்குக்கும் பயன்படுத்தும் அளவுக்கும் பொருத்தம் இருக்கவேண்டும் என்று தெளிவாக்கியது. மெய்யாகவே முதல்போட்டுக் காற்றாலை எழுப்புகிற ஆலைக்காரரை வரவேற்போம். பெயரளவுப் பங்காளியை வாயிலிலேயே நிறுத்துவோம்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். பதினாறாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவிலே பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். பணம் கட்டினால் பாவம் தீர்ந்தது! 1517இலே செர்மனியிலே மார்ட்டின் லூதர் எதிர்த்துக் கிளம்பியது இந்தச் சீட்டு வணிகத்தைத்தான். நம் நாட்டிலும் பரிகாரம் என்று பட்டியல் போட்டு வாங்குகிற பழக்கம் புதிதல்லவே. இப்போது மின்சாரத்திலும் வந்திருக்கிறது ஒரு சீட்டு. காற்றாலைக்காரர் ஆயிரம் யூனிட் உற்பத்தி செய்தால் ஒரு சான்றிதழ். அதைச் சந்தையிலே விற்கலாம். வாங்குகிற கம்பெனி, தன் ஆலையிலே நிலக்கரி மின்சாரத்தையே ஓட்டிக்கொண்டு, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, "நாங்கள் பசுமை!" என்று விளம்பரம் செய்யலாம்.

சான்றிதழே சூது என்று சொல்லமாட்டோம். காற்று வீசாத ஊரிலே, கூரையில்லாத கட்டடத்திலே தொழில் நடத்துகிறவருக்கு அது ஒரு வழி. சீட்டின் விலை நன்றாக இருந்தால் காற்றாலைக்காரருக்கும் ஊக்கம். ஆனால் விலை வீழ்ந்து கிடக்கும் காலத்திலே நாலு காசுக்குச் சீட்டு வாங்கி நாற்பது பக்க விளம்பரம் செய்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்போம்: நீங்கள் வாங்கியதால் புதிதாக ஒரு காற்றாலையாவது எழுந்ததா? ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்ததற்குச் சீட்டு வாங்கினீர்களா, எழாமல் இருந்ததை எழுப்பினீர்களா? அமெரிக்காவிலே கூகுள் நிறுவனம் 2010ஆம் ஆண்டு ஐயோவா மாநிலத்துக் காற்றாலைப் பண்ணை ஒன்றின் மின்சாரத்தை இருபது ஆண்டுக்கு வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது. இருபது ஆண்டுக்கு விலை உறுதி என்றால், காற்றாலை கட்டுகிறவர் வங்கியிலே துணிந்து கடன் கேட்கலாம். வங்கியும் துணிந்து கொடுக்கும். ஒப்பந்தத்துக்கும் சீட்டுக்கும் உள்ள வேற்றுமை இதுதான். மாலை மாற்றித் திருமணம் செய்துகொள்வதற்கும், திருமண வீட்டிலே மொய் எழுதிவிட்டு வருவதற்கும் உள்ள வேற்றுமை!

முதலிலே கேட்ட தோழருக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி. திருப்பூர் பனியனை வாங்குகிறவர் யார்? கடல் கடந்த கடைக்காரர். 2014ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சியிலே உலகப் பெருங்கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன, தங்கள் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க வழியிலேயே பெறுவோம் என்று. கையெழுத்துப் போட்டவர் தம்மோடு நிறுத்துவாரா? தமக்குத் தைத்துக் கொடுப்பவரையும் கேட்பார். பூட்டிக் கொடுப்பவரையும் கேட்பார். ஆப்பிள் நிறுவனம் தனக்குப் பொருள் செய்து கொடுப்போர் 2030ஆம் ஆண்டுக்குள் தூய மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்று கேட்டிருக்கிறது. அந்தக் கம்பெனியின் தொலைபேசியைப் பூட்டிக் கொடுக்கும் தொழிற்சாலை நம் திருப்பெரும்புதூர்ப் பக்கத்திலே இருக்கிறது. விடுதியிலே தங்கி அங்கே வேலை பார்க்கும் பெண்கள் நம் வீட்டுப் பெண்கள். ஆர்டர் கைமாறினால் முதலிலே காலியாவது இயக்குநர் நாற்காலி அல்ல, அந்த விடுதிக் கட்டில்.

அந்தக் கடல்கடந்த கடைக்காரருக்கும் ஒரு சொல். தூய மின்சாரம் வேண்டும் என்கிறீர், மெத்தச் சரி. சட்டைக்கு விலை சொல்லும்போது மட்டும் ஏன் ஐந்து காசுக்கு அடித்துப் பேசுகிறீர்? தூய்மைக்கு ஆகும் செலவைத் தைக்கிறவர் தலையிலே கட்டிவிட்டு, தூய்மைக்குரிய புகழை மட்டும் நீர் எடுத்துக்கொண்டு போவதா?

சட்டமும் இப்போது நெருக்குகிறது. பெரிய மின்நுகர்வோர் 2024-25இலே நூற்றுக்கு 29.91 பங்கும், 2029-30இலே நூற்றுக்கு 43.33 பங்கும் புதுப்பிக்கத்தக்க வழியிலே பெற்றிருக்க வேண்டும் என்று அளவு குறித்திருக்கிறார்கள். ஓடுகிறவர்கள் பெரியவர்கள், சிறியவர்கள்? 2022 விதிப்படி, நூறு கிலோவாட் தேவை உள்ளவரும் பசுமை மின்சாரத்தைத் தேடி வாங்கலாம். முன்பு இந்த வாசல் ஒரு மெகாவாட்டுக்காரர்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. நல்ல திருத்தம். ஆனால் கோவை கணபதியிலும் சிங்காநல்லூரிலும் ஒரு கடைசல் எந்திரமும் ஒரு துளைபோடும் எந்திரமும் வைத்துக்கொண்டு, தானே முதலாளி, தானே தொழிலாளி என்று உழைக்கிறாரே, அவருக்கு நூறு கிலோவாட்டுக்கு எங்கே போவது? பத்துப் பதினைந்து பட்டறைக்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஒரே வாங்குநராகக் கருதப்பட்டுக் காற்றாலையிலே பங்கு எடுக்க விதி இடம் தரட்டும். நூறு கூட்டுறவு நூற்பாலைக்கும் கைத்தறிச் சங்கத்துக்கும் சட்டம் கண்ட நாட்டுக்கு இது ஒரு பெரிய வேலையா? பெரியவருக்கு மட்டும் மலிவு மின்சாரம், சிறியவருக்கு ஏறிய கட்டணம் என்று போனால், சிறியவரின் பட்டறை பெரியவரின் கிடங்காக மாற நெடுநாள் ஆகாது.

முப்பந்தலிலே இன்னும் 225, 250 கிலோவாட் பழைய காற்றாலைகள் நிற்கின்றன. தொண்ணூறுகளின் பிள்ளைகள். அவற்றிலே பன்னிரண்டு சேர்ந்தால் வருகிற திறனை, 3 மெகாவாட் புதிய காற்றாலை ஒன்று தனியாகத் தரும். உயரத்திலே நிற்பதால் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல காற்று வீசும் இடமெல்லாம் கிழட்டு எந்திரங்கள் பிடித்துவைத்திருக்க, புதியவை காற்றுக் குறைந்த இடத்தைத் தேடி அலைகின்றன. கம்பெனிகளை ஊக்குவிப்பதென்றால், பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுகிறவருக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும். ஏற்றும்போது, எண்பது நூறு மீட்டர் உயரத்திலே ஏறி வேலை செய்யும் இளைஞனுக்குப் பாதுகாப்புக் கயிறும், நிலையான வேலையும் உண்டா என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

கழகத் தோழர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் அடுத்த வாயிற்கூட்டத்திலே நிர்வாகத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஆலை சென்ற ஆண்டு எத்தனை யூனிட் காற்றும் வெயிலும் வாங்கியது? அது காற்றாலையிலே முதல் போட்டு வாங்கியதா, சீட்டு வாங்கியதா? மிச்சமான பணத்திலே நம் பங்கு எது? "அதெல்லாம் தலைமை அலுவலகத்துக்குத்தான் தெரியும்" என்பார் மேலாளர். நம்பாதீர்கள். உயர்அழுத்த மின்கட்டணச் சீட்டு மாதந்தோறும் ஆலைக்கு வருகிறது. காற்றாலையிலிருந்து கழித்துக்கொண்ட யூனிட் அதிலே தனியாக எழுதப்பட்டிருக்கும். கணக்கர் அறையிலே கோப்பில் இருக்கிறது. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.